பிஸ்கட்டுக்கு இரண்டு சட்டை

பெண்டாட்டியை ஏமாற்றவே முடியாது என்று சொல்கிறவர்கள் சரியாக முயன்றதில்லை என்று நினைத்திருந்தேன். போன மார்ச்சில் நான் சரியாக முயன்றேன்.

என் பெயர் லைல். கான்சஸில் ஒரு தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறேன். மனைவி டார்லா. எங்களோடு பிஸ்கட். அவன் ஒரு ஆண் பன்றிமூக்குப் பாம்பு. முழ நீளம், மேலே தூக்கிய மூக்கு, பரம சாது. பயம் வந்தால் செத்ததுபோல் நடிப்பான். அந்த வித்தை மட்டும் எனக்கு வந்திருந்தால்!

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு இரண்டு வருஷமாகச் சண்டை. எனக்குப் பாம்பு வளர்க்க வேண்டும். அவளுக்கு ஒட்டுப்போர்வை தைக்கிற பன்னிரண்டு அடி மிஷின் போட வேண்டும். கடைசியில் சமாதானம் ஆனோம். ஃப்ரிட்ஜ் கதவில் காகிதம் ஏறியது: "பாம்பு ஒன்றே ஒன்று. இன்னொன்று வந்தால் அறை டார்லாவுக்கு." இருவர் கையெழுத்தும் உண்டு.

அறை கிடைத்தது. ஆசை அடங்கவில்லை. குட்டி பொரித்துப் பார்க்காதவன் ஒரு பாம்புக்காரனா? ரகசியமாக ஒரு பெண் பாம்பை வாங்கி வந்தேன். கிரேவி என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊரில் பிஸ்கட் என்றால் மெத்தென்ற ரொட்டி; கிரேவி ஊற்றாமல் அதை யார் தொடுவார்கள்?

திட்டம் எளிது. ஒன்று பின்னறைக் கண்ணாடித் தொட்டியில், மற்றது நிலவறைப் படிக்கட்டுக்கடியில்; முறை போட்டு மாற்றி வைப்பேன். டார்லா கண்ணுக்கு எல்லாப் பாம்பும் ஒன்றுதானே! ஆனால் கிரேவி, பிஸ்கட்டைப்போல் இரண்டு மடங்கு.

"லைல், பிஸ்கட் என்ன இப்படிப் பெருத்துட்டான்?"

"குளிர்காலம் முடிஞ்சுதுல்ல? நல்லா சாப்பிடறான்."

மறுநாள்:

"இன்னைக்கு இளைச்சுட்டானே!"

"டயட்ல இருக்கான்."

"ஒரே ராத்திரியிலயா? எப்படின்னு கேட்டு நீயும் இரேன்."

ஏப்ரலில் துணி துவைக்க நிலவறைக்குப் போனவள், கையில் இரண்டு பாம்புச் சட்டைகளோடு மேலே வந்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"ஒருத்தனுக்கு ரெண்டு சட்டையா?"

"பெரிசு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு."

சிரித்துவிட்டுப் போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். பாம்பாவது வருஷத்துக்குச் சில தடவை சட்டை உரிக்கிறது. என் மனைவி என்னைச் சட்டையே செய்வதில்லை. அன்று அது நல்லதாகப் போயிற்று.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. காபியோடு பின்னறைக்குள் போன டார்லா குரல் கொடுத்தாள்.

"லைல்! பிஸ்கட் ஆம்பளைதானே?"

"அதிலென்ன சந்தேகம்!"

"முட்டை போட்டிருக்கான். பதினொண்ணு."

ஓடினேன். ஈரப்பாசிமேல் வெள்ளை வெளேரென்று பதினொரு முட்டைகள். நெஞ்சு விம்மியது. துள்ளிக் குதிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"கான்சஸ் வெயில், டார்லா. ஆம்பளைக்கே இப்படி ஆயிடுது."

"அதே வெயில்லதான் நீயும் இருபது வருஷமா நிக்கறே. ஒரு முட்டையையும் காணோமே!"

சொல்லிக்கொண்டே ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்தாள். பிஸ்கட்!

"இது பிஸ்கட். அப்போ தொட்டியில இருக்கிறது யாரு?"

பிஸ்கட் நிலைமையைப் புரிந்துகொண்டான். அவள் கையிலேயே புரண்டான். வயிறு மேலே, வாய் ஆவென்று, நாக்கு வெளியே. ஒரு நாற்றம் வேறு.

எனக்கு உயிர் வந்தது. "ஐயோ, செத்துட்டான்! அப்போ வீட்டுல ஒரு பாம்புதான், டார்லா. கணக்கு சரி!"

அவள் அவனை மேஜைமேல் வைத்தாள். நிமிர்த்திப் போட்டாள். அவன் மறுபடி மல்லாந்தான். மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி மல்லாந்தான்.

"செத்தவனுக்கு இவ்வளவு பிடிவாதமா, லைல்?"

சரணடைந்தேன். "அறையை எடுத்துக்கோ. முட்டையை மட்டும் வெளியே போட்டுடாதே, கண்ணு."

"நான் என்ன ராட்சசியா? சலவை மிஷின் பக்கம் வெதுவெதுன்னு இருக்கும், முட்டை பொரிக்க நீ ஒளிச்சு வெச்சிருக்கிற சூட்டுப் பெட்டியை அங்க வை. முட்டையைப் புரட்டிடாதே, இருந்தபடியே எடு."

முட்டையைப் புரட்டக் கூடாது என்று இவளுக்கு யார் சொன்னார்கள்? யோசிக்க நேரமில்லை. ஒரு மணி நேரம் தொட்டிகளையும் தட்டுகளையும் சுமந்தேன். கடைசித் தட்டை இறக்கும்போது வாசலில் லாரி வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு நீளமான பெட்டியை இறக்கினார்கள்.

"பன்னிரண்டு அடி மிஷின். பின்னறைன்னு போட்டிருக்கு. எங்கே சார்?"

"இவ்வளவு சீக்கிரம் எப்படிப்பா வந்தது?"

"சீக்கிரமா? அம்மா ஆர்டர் கொடுத்து மூணு மாசமாச்சு சார். ஜூன் வரைக்கும் அவசரமில்லைன்னு அவங்கதான் சொன்னாங்க."

காகிதத்தை நீட்டினான். மார்ச் பதினொன்று என்று தேதி போட்டிருந்தது.

நான் கிரேவியை வாங்கியது மார்ச் பன்னிரண்டு.