துடைப்பத்தை மட்டும் குடுத்துடு

துடைப்பத்தைக் கார் டிக்கியின் அடியில் படுக்கவைத்து, மேலே கூடாரப் பையையும் மூன்று பெட்டிகளையும் ஏற்றி மூடியபோது, நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பெற்றவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று வெண்டல் டோலஃப்சன் நினைத்தான். அப்போது சனிக்கிழமை காலை மணி ஏழு. பத்து மணிக்குள் கேபினைக் காலி செய்ய வேண்டும்.

"கதவுக்குப் பின்னால என் துடைப்பம் இருந்துச்சே, எங்கே?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"இந்த வருஷம் உனக்குத் துடைப்பம் கிடையாதும்மா. நாங்க சுத்தம் பண்றோம். நீ எங்களோட கார்ல வர்றே, முன் சீட்டுல."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்று மட்டும் பதில் வந்தது.

வெண்டல் விரலை மடக்கிக்கொண்டான். ஒன்று.

எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் எதையும் மூன்று முறை நீட்ட வேண்டும். முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, பெற்றோர் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்பதற்கு. மூன்றாவது முறைதான் கை நீளும். கடைத்தெருப் பேரத்தைக் குப்புறக் கவிழ்த்த மாதிரி; அங்கே 'இன்னும் குறை' என்று சண்டை, இங்கே 'எனக்கு எதுக்கு' என்று சண்டை. தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் ஒருவரும் எடுக்க மாட்டோம். பாதி வெட்டுவோம், அதில் பாதி வெட்டுவோம், மிஞ்சியதை எறும்பு மூன்று முறை கேட்காமல் எடுத்துக்கொண்டு போகும். அதனால் அம்மாவின் முதல் 'வேண்டாம்' வெண்டலை அசைக்கவில்லை. இன்னும் இரண்டு பாக்கி.

ஒவ்வொரு ஜூலையிலும் அவர்கள் குடும்பம் கோர்டியின் ஏரிக்கரைக் கேபின்களில் நாலாம் நம்பரை ஒரு வாரத்துக்கு எடுப்பது வழக்கம். வெண்டல், மனைவி கார்லா, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆர்லீன். அப்பா காலமான வருடத்திலிருந்து, பன்னிரண்டு ஜூலையாக, கடைசி நாள் காட்சி ஒன்றுதான். எல்லோரும் காரில் ஏறுவார்கள். அம்மா துடைப்பமும் கையுமாக வாசலில் நிற்பாள். "நீங்க கிளம்புங்க, நான் கூட்டிப் பெருக்கிட்டு பஸ்ல வரேன்" என்பாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் வில்மரின் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவாள்.

இரண்டு அறை, ஒரு சமையலறை. அதற்கு மூன்று நாளா என்று யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாரும் துடைப்பத்தைத் தொட்டதில்லையாதலால், கூட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. விலை தெரியாத சரக்குக்கு எவன் பேரம் பேசுவான்?

ஆனால் போன இலையுதிர்காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இந்த வாரம் அவள் காபித் தட்டோடு ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறியதை வெண்டல் பார்த்துவிட்டான். டிராக்டர் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் இருபது வருடம் நின்றவன். தேய்ந்த மூட்டு அவனுக்குத் தெரியும். எழுபத்தொரு வயதில் அந்தக் காலோடு அவளை இன்னொரு முறை தனியாக விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

முதல் சிக்கல், கூட்டத் துடைப்பம் இல்லை. இருந்த ஒன்று மூன்று பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

ஆறாம் கேபினுக்குப் போய் லோயிஸிடம் கேட்டான். லோயிஸுக்கும் அம்மா வயதுதான். அவள் வாசலிலேயே துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உயிரையே கேட்டாலும் முதலில் 'தாராளமா' என்று சொல்கிற ஊர் இது. அவளோ, பத்து மணிக்குத் தனக்கு இது வேண்டியிருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டாள். பாவம், அவளுக்கும் எத்தனை வேலையோ என்று நினைத்துக்கொண்டு திரும்பினான்.

சரி, துடைப்பம் இல்லாவிட்டால் தண்ணீர் இருக்கிறது. ஒரு வாளி எடுத்துத் தரையில் வீசினான். ஒரு வாரமாக ஐந்து ஜோடிக் கால்கள் ஏரிக்கரையிலிருந்து சுமந்து வந்த மணல், அதுவரை சமர்த்தாக மூலையில் கிடந்தது, சேறாகிப் புறப்பட்டது. அதை அட்டையால் வழித்து வாளியில் நிரப்பிச் சமையலறைத் தொட்டியில் கொட்டினான். நேற்று கடையில் வாங்கிய மீனைப் பொரித்த எண்ணெயையும் கையோடு அதன் மேல் ஊற்றினான். தொட்டி ஒரு ஏப்பம் விட்டு அடைத்துக்கொண்டது.

"எண்ணெயை அதுலயா ஊத்தினே?" என்றாள் கார்லா.

"அப்புறம் எதுல ஊத்தறது?"

கார்லா யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக மீன் பொரித்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் எங்கே போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அது போய்விடும், அவ்வளவுதான்.

அடைப்பைக் குத்த நீளமாக ஏதாவது வேண்டும். வேறு வழியில்லாமல் டிக்கியைத் திறந்து, பெட்டிகளை எல்லாம் புல்லில் இறக்கி, அந்தத் துடைப்பத்தையே எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கடையில் ஒட்டிய லேபிள்கூடக் கிழியவில்லை. ஒரு குச்சி வளையவில்லை, ஒரு நுனி தேயவில்லை. பன்னிரண்டு வருடம் வருடத்துக்கு மூன்று நாள் உழைத்த துடைப்பம்.

"பாரு கார்லா, ஒரு பொருளை எப்படி வெச்சிருக்காங்க பாரு" என்றான். அவன் கடையில் விற்கிற எந்த உதிரிபாகமும் ஒரு வருடம் தாண்டியதில்லை.

அந்த அதிசயப் பொருளின் கைப்பிடியைத் தொட்டிக் குழாய்க்குள் விட்டு ஓங்கிக் குத்தினான். பாதி கையில் வந்தது, பாதி குழாயிலேயே தங்கிவிட்டது.

கீழேயிருந்து எடுத்துவிடலாம் என்று தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினான். எண்ணெய், சேறு, துடைப்பக் கட்டை என்ற வரிசையில் எல்லாம் அவன் நெஞ்சின்மேல் இறங்கின. கடைசியாக மேலே திறந்தபடி விட்டிருந்த தண்ணீரும் வந்தது. குளியல் துண்டுகளை எல்லாம் தரையில் போட்டார்கள். துண்டுகள் தீர்ந்ததும் கூடத்துக் கம்பளம் நனையத் தொடங்கியது. அதைச் சுருட்டித் தூக்கிப் போய்ப் படகுத்துறைக் கைப்பிடியில் காயப் போட்டான். கம்பளம் அங்கே மூன்று நிமிடம் மரியாதைக்கு இருந்துவிட்டு ஏரிக்குள் சரிந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை இழுத்து வந்தபோது, ஓரத்தில் யாரோ தொலைத்த தூண்டில் முள் ஒன்று கொக்கி போட்டிருந்தது.

"வாரம் பூரா ஒண்ணும் மாட்டலைன்னு அழுதியே" என்றாள் கார்லா. "இது எத்தனை பவுண்டு இருக்கும்?"

அம்மா பைன் மரத்தடியில் பச்சை நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு வர மூன்று முறை எழுந்தாள். மூன்று முறையும் வெண்டல் உட்காரவைத்துவிட்டான். இப்போது நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதரை. மகன் படும் பாட்டை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை என்று அவனுக்குப் பட்டது. சொட்டச் சொட்ட அருகே போய், ஒன்றும் பயப்பட வேண்டாம், எல்லாம் முடியப்போகிறது, நீ கட்டாயம் எங்களோடு வருகிறாய் என்றான்.

அம்மா மறுத்தாள். இரண்டு. தனக்கு அந்தக் காரில் இடமிருக்காது, நீங்கள் இப்போதே கிளம்பினால்தான் வெயிலுக்கு முன்னால் வீடு சேரலாம், குழாயைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். "துடைப்பத்தை மட்டும் குடுத்துடு, போதும்."

வெண்டல் உடைந்த இரண்டு பாதியையும் காட்டினான்.

வெள்ளம் வந்தபோது கலங்காத முகம், கம்பளம் மூழ்கியபோது கலங்காத முகம், அப்போது வெளுத்தது. "ஐயோ, ஒடைச்சிட்டியா?" என்றாள். "இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

ஒரு துடைப்பம் போனதற்கு இப்படி வாடுகிற பெண்பிள்ளையை உலகத்தில் எங்கே பார்க்க முடியும்?

அதற்குள் மற்றக் கேபின்களிலிருந்து ஒவ்வொரு காராகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் நம்பர் வாசலில் லோயிஸ் துடைப்பத்தோடு நின்று கையசைத்தாள். ஏழாம் நம்பரில் ஒரு தாய், துடைப்பம். இரண்டாம் நம்பரில் ஒரு தாய், துடைப்பம். கார்கள் பைன் மரங்களுக்குள் மறையும்வரை எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

"பார்த்தியா கார்லா" என்றான் வெண்டல். "இந்த மாநிலத்துல ஒரு பிள்ளைக்காவது மனசாட்சி இருக்கா?"

சமையலறைக்குத் திரும்பினான். நனைந்த தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். ஒரு வாரமாக இந்தக் கேபினில் மீன் வாசனை வந்ததே இல்லை. இப்போது சட்டையைப் பிழிந்தால் வருகிறது. தினமும் காலையில் காய்ந்த துண்டு ஒன்று அவனுக்காக ஆணியில் தொங்கும். துண்டு தானாகக் காயும் பொருள் என்று நினைத்திருந்தான். பிள்ளைகள் சண்டை போட்டால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அது எப்படி நின்றது? யார் போய் என்ன சொன்னார்கள்? காலையில் அவன் எழுவதற்கும் காபி இறங்குவதற்கும் நடுவில் ஒருபோதும் இடைவெளி இருந்ததில்லை. சூரியனைப்போல, அதுவும் ஒரு ஏற்பாடு என்று எண்ணியிருந்தான்.

இரண்டு அறைக்கு மூன்று நாளா என்று காலையில் ஒரு கணம் அவனுக்கும் தோன்றியது உண்மை. மூன்று மணி நேரம் உழைத்து, கேபினை முன்பு இருந்ததைவிட எட்டு மடங்கு நாசம் செய்த பிறகு, இதை வெறும் மூன்று நாளில் ஒரே ஆளாக முடிப்பது மனித சக்திக்கு அடங்கியதல்ல என்று அவனுக்குத் தெளிவாகிவிட்டது. கோவிலுக்குள் நிற்பவன்போல அந்தத் தொட்டியை அண்ணாந்து பார்த்தான்.

எழுந்து போய் மூன்றாவது முறை கேட்டான்.

"வேண்டாம் வெண்டல்" என்றாள் அம்மா, நிதானமாக. "நிஜமாவே வேண்டாம்."

மூன்றாவது 'வேண்டாம்' உண்மையான வேண்டாம். அதற்குமேல் எங்கள் பக்கத்தில் பாதிரியார்கூடக் கேட்க மாட்டார். நாலாவது முறை கேட்பது சட்டையைப் பிடித்து உலுக்குவதற்குச் சமம். நாலாவது முறை கேட்கப்பட்டவர் மறுக்கவும் முடியாது. மறுத்தால் சண்டை என்று அர்த்தம், எங்கள் ஊரில் யாரும் சண்டை போடுவதில்லை.

வெண்டல் புல்லில் மண்டியிட்டான். முழங்காலிலிருந்து ஏரித்தண்ணீர் வழிந்தது.

"பன்னெண்டு வருஷம்மா. கார்ல உக்காந்து கையை ஆட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை. இன்னிக்கு மூணு மணி நேரம் செஞ்சு பார்த்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியலை. நீ செஞ்சது எதுவுமே எனக்குத் தெரியாது. நாலாவது தடவை கேக்கறேன். எங்களோட வா."

அம்மா அவனைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். திரும்பவும் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, அதில் பொய் இல்லை. அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள்.

"உஃப் டா" என்றாள். எங்கள் பாட்டன்மார் நார்வேயிலிருந்து மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சொல். பாரம் தூக்கும்போதும் சொல்லலாம், இறக்கும்போதும் சொல்லலாம். "சரிப்பா. வரேன்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பார்வை மட்டும் படகுத்துறைப் பக்கமே இருந்தது.

வெண்டல் நெஞ்சு நிமிர்த்திச் சாவியைக் கொடுக்கக் கோர்டியிடம் போனான். கேபின்களின் சொந்தக்காரரான கோர்டிக்கு எழுபது வயது. தூண்டில் புழு டப்பாக்களுக்கும் பழைய நாட்காட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு காபி குடிக்கிற மனிதர். வெண்டல் குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொண்டான்: குழாய், சேறு, எண்ணெய், துடைப்பம், கம்பளம். கோர்டி வானிலை அறிக்கை கேட்பவர்போலத் தலையாட்டினார். பரவாயில்லை, ஆள் வந்து சரி செய்வான் என்றார்.

பிறகு வெண்டல் சாவியை மேஜைமேல் வைத்து, இந்த வருடம் அம்மாவும் தங்களோடேயே வருகிறாள் என்று சொன்னான்.

காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. கோர்டி ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். முன் சீட்டில் ஆர்லீனின் பின்னந்தலை தெரிந்தது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து, கதவுக்குப் பின்னால் கட்டாகச் சாத்தியிருந்த புத்தம் புதுத் துடைப்பங்களில் ஒன்றை உருவி எடுத்து, சாவியோடு சேர்த்து வெண்டலின் ஈரக் கையில் வைத்தார்.

"கூட்டிப் பெருக்க எங்க ஆளுங்கதான் வருஷா வருஷம் செவ்வாய்க்கிழமை வருவாங்க, நீ இதை உங்கம்மா கையில குடுத்துட்டு சீக்கிரம் கிளம்பு, அங்க படகுல ஆறு அம்மாக்கள் சீட்டுக்கட்டைக் குலுக்கிட்டுக் காத்திருக்காங்க, உங்கம்மா வெறுங்கையோட வாசல்ல நின்னாங்கன்னா இன்னும் கிளம்பாத எட்டாம் நம்பர்ப் பையனுக்குச் சந்தேகம் வந்துடும்."