குட்டை முடிக்கு முன் அனுமதி

படிவங்கள் வாரியத்தின் தபால் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றி வந்த உதவியாளர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை, தம் கூந்தலைக் காதளவுக்குக் குறைத்துக்கொள்வது எனக் கொள்கை அளவில் முடிவெடுத்தார். அலுவலகத்தில் அவரை 'நேரமாச்சு' என்பார்கள். தினமும் அந்த ஒரு சொல்லோடுதான் மூச்சிரைக்க உள்ளே நுழைவார்.

எல்லாம் முடியால் வந்த வினை. அது இடுப்பைத் தாண்டி இறங்கும். சிக்கெடுக்கப் பதினைந்து நிமிடம், வாரிப் பின்ன இருபது, தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கிப் போட ஐந்து. அந்த நாற்பது நிமிடத்தில் எட்டேகால் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வந்தால் தாமதம். அந்த ஆண்டு பதினோரு தாமதம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது ஆனால் மெமோ. மெமோ வாங்கினால் கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து மூன்று ஆண்டுக்குப் பெயரை எடுத்துவிடுவார்கள். பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அதைப் போயும் போயும் முடிக்காகப் பறிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கணவரிடம் கேட்டார். "வெட்டினா நல்லாத்தான் இருக்கும். வெட்டாட்டியும் நல்லாத்தான் இருக்கும்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. இருபது வருஷ இல்லறத்தில் மனிதர் நன்றாகவே தேறியிருந்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த அழகு நிலையத்தில் 'பராமரிப்பே தேவைப்படாத புதிய வெட்டு' என்று பலகை வைத்திருந்தார்கள். ஊரே அந்த வெட்டோடுதான் திரிந்தது.

"காலையில எழுந்ததும் அப்படியே கிளம்பிடலாம்மா. சீப்பே வேண்டாம்" என்றாள் அழகு நிலையக்காரி.

"நிஜமாவா?"

"சத்தியமா. என்ன, எழுந்ததும் லேசா ஈரம் பண்ணி, இந்த க்ரீமைத் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மெஷின்ல காயவெச்சு, இந்த எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டு, விரலால கலைச்சு விடணும். சீவாத மாதிரி தெரியணும் இல்லையா?"

"சீவாம விட்டாலே சீவாத மாதிரிதானே தெரியும்?"

"அது வேற மாதிரி தெரியும்மா" என்றாள் அவள், பரிதாபப்பட்டு.

நேரமாச்சு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு நிமிடம் வந்தது. "காதோட ஒட்ட வெட்டிவிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"வெட்டலாம். ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடலாம். ஆனா அதுக்குப் பேரே கிடையாதேம்மா!"

பெயரில்லாத வெட்டே போதும் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார். கத்தரிக்கோல் பக்கத்தில் வந்தபோதுதான் வருகைப் பதிவு மெஷின் நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வாரியத்தின் வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் ஒன்று உண்டு. பண்டகசாலைக்காரர் ஒருமுறை மீசையை எடுத்துவிட்டு வந்தார். மெஷினுக்கு அவரைத் தெரியவில்லை. பதினொரு நாள் அவர் தம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். பதினொரு நாளும் வராதவர் என்றே பதிவானது. கடைசியில், வேலை பார்த்த நாட்களுக்கெல்லாம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மீசையை வளர்த்துக்கொண்டு பழையபடி உயிரோடு திரும்பினார்.

எனவே, தோற்றம் மாற்ற முன் அனுமதி வேண்டி நேரமாச்சு ஒரு மனு எழுதினார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் அதற்கு விதியும் இல்லை. கேட்டுவிட்டபடியால் மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. தலைவருக்கு மருந்துக்குக்கூடத் தலையில் முடி கிடையாது. அதனால் அவர் நடுநிலையாளர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"வெட்டின பிறகு எப்படி இருப்பீங்கன்னு போட்டோ இணைக்கலையே?" என்றார் தலைவர்.

"இன்னும் வெட்டலை சார்."

"போட்டோ இல்லாம எப்படிம்மா அனுமதி தர்றது?"

"அனுமதி இல்லாம எப்படி சார் வெட்டுறது?"

குழு இந்தக் கேள்வியைப் பெரிதும் பாராட்டி நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டது.

"இப்ப முடி இருக்குங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் இரண்டாம் உறுப்பினர், ஃபைலைப் புரட்டிக்கொண்டே.

நேரமாச்சு பின்னலைத் தூக்கி மேஜைமேல் போட்டார்.

"அதை எப்படிம்மா ஃபைல்ல வைக்க முடியும்?"

"வெட்டினா வைக்கலாம் சார்."

மூன்றாம் உறுப்பினர் பேனாவை மூடி வைத்தார். "வெட்டின பிறகு வேண்டாம்னு தோணினா, பழைய நிலைமைக்கு வர எத்தனை நாளாகும்?" என்று கேட்டார்.

"நாலஞ்சு வருஷம் ஆகும் சார்."

"அதுவரைக்கும் யார் பொறுப்பு?"

இந்தக் கேள்வியும் குறிப்பில் சேர்ந்தது. மனு மேல் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. முடிவு தெரியும் வரை மனுதாரரின் தோற்றம் நிச்சயமற்ற நிலையில் இருப்பதால், அவர் மெஷின் முன்னால் நிற்கக் கூடாதென்றும், காவலாளியிடம் உள்ள நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதுமென்றும் இடைக்கால உத்தரவு வந்தது.

மறுநாள் சிக்கு சண்டித்தனம் செய்தது. ஒன்பதே முக்காலுக்கு, பன்னிரண்டாவது தாமதம் வந்தேவிட்டது என்று நினைத்தபடி நோட்டை வாங்கினார். பெயர் எழுத ஒரு கட்டம். கையெழுத்துப் போட ஒரு கட்டம். வந்த நேரம் எழுதக் கட்டமே இல்லை. படிவங்கள் வாரியம் தன் சொந்த உபயோகத்துக்குத் தயாரித்த நோட்டு அது. நேரமாச்சுவுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றுதான் பல வருஷங்களுக்குப் பிறகு நிதானமாக நடந்து தம் இடத்துக்குப் போனார்.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? வாரம் முடிவதற்குள் தட்டச்சர் வந்து, "அக்கா, அந்த மனு எப்படி எழுதணும்?" என்று காதைக் கடித்தாள். வகிட்டை இடமிருந்து வலத்துக்கு மாற்றும் உத்தேசமாம். பண்டகசாலைக்காரர் மீசையை எடுக்க மறுபடியும் துணிந்தார். டிரைவர் கிருதாவை அரை விரல் ஏற்றப் போவதாக எழுதினார். மாதக் கடைசிக்குள், நேரமாச்சுவுடையது போக, நூற்றி நாற்பத்தி இரண்டு மனுக்கள் சேர்ந்துவிட்டன. குழுத் தலைவரே, தமக்கு முடி முளைக்கும் சாத்தியத்தை மறுப்பதற்கில்லை என்று ஒரு மனு போட்டு நோட்டுக்கு மாறிவிட்டார். மெஷின் வாசலில் தனியாக விளக்கெரிய நின்றது.

இத்தனை மனுக்களையும் கவனிக்கத் தோற்றப் பிரிவு என்று புதிதாக ஒன்று திறக்கப்பட்டது. அதற்குக் கண்காணிப்பாளர் வேண்டுமே! துறையில் அனுபவமுள்ளவர் ஒரே ஒருவர்தான். நேரமாச்சு பதவி உயர்ந்தார்.

முதல் நாள் அவர் மேஜைக்கு வந்த முதல் ஃபைல் அவருடையது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அனுமதி கொடுத்தால் நாளைக்கே புது முகத்தோடு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். மறுத்தால் பழைய முகத்தோடு நிற்க வேண்டும். தவிர, தம் மனுவைத் தாமே தீர்மானிப்பது நெறியும் ஆகாது. நேர்மையான அலுவலர் என்பதால் 'மேலும் ஆராய்க' என்று எழுதி மூடினார். ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறு நீதி என்று பேச்சு வரக்கூடாதென்று, மீதி நூற்றி நாற்பத்தி இரண்டிலும் அதையே எழுதினார்.

அடுத்த ஆண்டு, ஒரு தாமதம்கூடப் பதிவாகாத ஒரே அலுவலகம் என்று வாரியத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். இயக்குநர் மேடையேறி அதை வாங்கிக்கொண்டார். விழா பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். அவர் பன்னிரண்டுக்கு வந்தார்.

கேடயத்தைக் கூடத்தில் மாட்டிய மறுநாள், காலை பதினொன்றே காலுக்கு, நேரமாச்சு பின்னல் ஆட ஆடப் படியேறி வந்தார். கூடத்தில் வயதான ஒருவர் ஒரு படிவத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எதிரில் வரிசையாக முப்பது நாற்காலிகள், ஒன்றிலும் ஆளில்லை. நேரமாச்சுவுக்குச் சுருக்கென்றது. தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, இன்னும் யாருமே வரலையா?" என்று பெரியவர் காவலாளியைக் கேட்டார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? எல்லாரும் வந்தாச்சு. நோட்டைப் பாருங்க, அத்தனை கையெழுத்தும் இருக்கு."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார். "ஒருத்தரும் கண்ணுல படலையே?"

"எல்லாரும் தோற்றம் மாத்த மனு போட்டிருக்காங்க சார். உங்களுக்கு அடையாளம் தெரியலை, அவ்வளவுதான்."

பெரியவருக்கு அரசு அலுவலகங்களில் நாற்பது ஆண்டு அலைந்த அனுபவம் இருந்தது. வாதாடவில்லை. முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியின் முன்னால் போய்ப் பணிவாக நின்று, தம் விண்ணப்பத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மன்னிச்சுக்கணும் சார்" என்றார். "நீங்க இருக்கறதைக் கவனிக்கலை."