நிழல் விழாத விமானமும் நின்றுபோன நிச்சயதார்த்தமும்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
26-3-1957

தஞ்சாவூர் மேல வீதியில் பெண்டு பிள்ளைகளோடும் இரண்டு பசுக்களோடும் சௌக்கியமாக வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் வைத்திலிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை பாக்கியலட்சுமியின் கணவன் தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகள் மங்கையர்க்கரசியும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பது கீழே வருகிறது. உங்கள் முழங்காலுக்கு அனுப்பிய கோடாலித் தைலம் வந்து சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் பெரிய கோயில் வரைக்கும் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

விஷயம் என்னவென்றால், மங்கைக்கு ஒரு நல்ல இடம் வந்தது. காத்தோங்கில் இருக்கும் சேதுபதி என்பவரின் மகன் சுந்தரம். பையன் பள்ளிக்கூட வாத்தியார், மங்கையும் அதே பள்ளிக்கூடத்தில்தான் பாடம் நடத்துகிறாள், ஆகவே பெரியவர்கள் பேசுவதற்கு முன்பே சின்னவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று உங்கள் தங்கைக்குச் சந்தேகம், எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படியோ எல்லாம் கூடி வந்தது, போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் எங்கள் மாடிக்கு வந்து, உங்கள் தங்கை சுட்ட வடையில் ஆளுக்கு நாலு சாப்பிட்டு, காப்பியும் குடித்து, இனித் தாம்பூலத் தட்டை எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் சேதுபதியின் கண் சுவரில் தொங்கிய மளிகைக் கடைக் காலண்டரில் விழுந்தது. அதில் நம்ம பெரிய கோயில் படம். "நல்ல கோபுரம் சம்பந்தி" என்றார். அத்தோடு நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்த ஜென்மத்தில் ஒரு தொல்லையும் இல்லை. "கோபுரம் இல்லீங்க, கருவறை மேல இருக்கிறதால விமானம்" என்று ஆரம்பித்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

ஊர்ப் பேச்சு எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, உங்களுக்கே தெரியும். உயரம் இருநூற்றுப் பதினாறு அடி என்றேன், உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்றேன், சாரப்பள்ளம் கிராமத்திலிருந்தே சாரம் கட்டி யானை வைத்து ஏற்றினார்கள் என்றேன், நந்தி வளர்ந்துகொண்டே போனதால் தலையில் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறது என்றேன், அரண்மனையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம் இருக்கிறது, அதற்குள் சின்ன வயதில் பாதி தூரம் நானே போயிருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சேதுபதி தலையை ஆட்டினார். கடைசியாக, "இவ்வளவு பெரிய விமானம், உச்சி வெயில்ல இதோட நிழல் தரையில விழாதுங்க" என்றேன். மனுஷர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் நில அளவை ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவர் என்பதை நான் மறந்துபோனது என் தலையெழுத்து. "இருநூத்துப் பதினாறு அடி ஒசரம்னு நீங்கதான் சொன்னீங்க. அத்தனை ஒசரத்துக்கு நிழல் விழாம எங்கங்க போவும்?" என்று கேட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டர் பக்கத்தில் போய், "இந்தா, படத்துலயே விழுந்திருக்கே" என்று விரலை வைத்துக் காட்டினார். விழுந்துதான் இருந்தது. இத்தனை மாதம் அந்தப் படத்தைப் பார்த்துத் தேதி கிழிக்கிறேன், என் கண்ணில் படவில்லை. "அது மேகம்" என்றாள் உங்கள் தங்கை. அதே நேரத்தில் நான், "அச்சாபீசுக்காரன் மை சிந்திட்டான்" என்றேன். சேதுபதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"நான் பொறந்த ஊருங்க அது."

"அதைக் கேக்கலை. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன மச்சான், பார்த்ததில்லை. பதினேழு வயதில் கப்பல் ஏறியவன் நான். அதற்கு முன்னால் அந்தக் கோயிலுக்கு நான் போனதெல்லாம் சாயங்காலம் புல்தரையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவதற்கு. உச்சி வெயிலில் கல் தரையில் கால் வைத்தால் தோல் உரிந்துவிடும், எவன் போய் நிழலைத் தேடுவான்? ஆனால் சேதுபதி லேசுப்பட்ட ஆளில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "நிழல் விஷயத்துலயே இப்படின்னா, பொண்ணு நல்லா சமைக்கும், மூணு வருஷம் வீணை கத்துக்கிச்சுன்னு சொன்னீங்களே, அதையெல்லாம் நான் எப்படிங்க நம்புறது?" என்று கேட்டுவிட்டுத் தட்டை மாற்றாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பையன் பாவம், வாயில் பாதி வடையோடு பின்னால் போனான்.

வீணை ஒன்றரை வருஷம்தான். சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, வெந்நீர் நன்றாக வைப்பாள். ஆனால் பரீட்சையில் முதல் வகுப்பு என்று சொன்னது சத்தியமான உண்மை, அதையும் அல்லவா இப்போது பொய்க் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்! மங்கை அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "விழுந்தா விழுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா, அப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். 

மறுநாள் கீழே டீக்கடை வைத்திருக்கும் ஜமால் முகம்மதுவிடம் புலம்பினேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், அண்ணன் என்பதற்கு என்னைக் காக்கா என்பார், நல்ல மனுஷர். "இதுக்கு ஏன் காக்கா தஞ்சாவூர் போவணும்? சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மன் கோயில் கோபுரம் இருக்கு. உச்சி நேரத்துல ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. விழுந்தா அவரு சொல்றது சரி, விழலைன்னா நீங்க சொல்றது சரி" என்றார். சேதுபதிக்குச் சொல்லி அனுப்பினேன், அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். நிழல் விழாத கட்டடம் உலகத்திலேயே கிடையாது, அதை ஊரறியக் காட்டுகிறேன் என்றாராம். நான் தோற்றேன் என்றே நினைத்தேன், இருந்தாலும் மாரியம்மனை வேண்டிக்கொண்டு போனேன்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. சேதுபதி சாக்கட்டியும் அளவு நாடாவும் குடையுமாக வந்து நிற்கிறார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரோட்டுப் பக்கம் பார்த்தார், நிழல் இல்லை. உள்பக்கம் போய்ப் பார்த்தார், அங்கேயும் இல்லை. கோபுரத்தைச் சுற்றி மூன்று தரம் வந்தார், ஒரு சாண் நிழல் கிடையாது மச்சான்! குடையை மடக்கித் தரையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார், குடைக்கும் நிழல் இல்லை. பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, "ஐயாவுக்கே நிழலைக் காணமே" என்றாள். குனிந்து பார்த்தால் அவர் காலடியில் வட்டமாக ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கும் அப்படியே. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஜமால் முகம்மது பக்கத்துச் சூலியாப் பள்ளிவாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எங்க மினாரா ரெண்டுக்கும் விழலை" என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். உங்கள் தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டு சேதுபதியின் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசிவிட்டாள்.

"சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோபுரத்துக்கே இப்படின்னா, எங்க ராஜராஜன் கட்டினதைக் கேக்கணுமா?" என்று நான் சத்தமாகச் சொன்னேன்.  சேதுபதி வேர்த்து விறுவிறுத்துப்போய்ச் சாக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி வாக்கில் ரோட்டோரத்தில் கறுப்பாக ஒரு விரற்கடை நிழல் எட்டிப் பார்த்தது. என் கண்ணில்தான் முதலில் பட்டது. உடனே, "வாங்க வாங்க, எல்லாரும் சாப்பிடப் போகலாம்" என்று அத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அப்படியும் மனுஷர் விடுகிற வழியாக இல்லை. ஓட்டலில் இலையில் போட்ட பிரியாணியைப் பார்த்துக்கொண்டே, "இது வேற, அது வேற. ஆபீஸ்ல ஒரு பொஸ்தகம் பார்க்கணும். நீங்க தஞ்சாவூர்ல இருக்கிற ஒரு பெரிய மனுஷர்கிட்ட, நான் உச்சி வெயில்ல நின்னு பார்த்தேன், நிழல் விழலைன்னு கையெழுத்துப் போட்டு வாங்குங்க. தட்டு மாத்திக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

ஆகையால் மச்சான், மங்கையின் கல்யாணம் இப்போது உங்கள் கையில், சரியாகச் சொன்னால் உங்கள் கண்ணில் இருக்கிறது. ஒரு நல்ல நாளாகப் பார்த்து, உச்சிப் பொழுதில் கோயிலுக்குப் போய், விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நிழல் விழவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏர்மெயிலில் அனுப்புங்கள். ஒருவேளை விழுந்தால் பதற வேண்டாம், இன்னொரு நாள் போகவும். அன்றைக்கும் விழுந்தால் மேகம் மூடின நாளாகப் பார்த்துப் போகவும். அப்போது எதற்குமே நிழல் விழாது, நீங்கள் எழுதுவதும் பொய்யாகாது. பொய் எழுதும்படி நான் உங்களைக் கேட்பேனா? அப்படியே சுரங்கத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றும் விசாரித்து ஒரு வரி எழுதினால் நல்லது, அதைப் பற்றியும் அவர் கேட்கக்கூடும்.

அங்கே பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பசுக்களுக்கு ஒரு கட்டு புல். பெருவுடையார் எல்லோரையும், முக்கியமாக என்னை, காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நிழல் விழாத ஊரில் பிறந்த
உங்கள் மைத்துனன்
தங்கராஜு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சேதுபதியே மாடியேறி வந்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மங்கை எங்களிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் காத்தோங்குக்கே போயிருக்கிறாள். "எங்கப்பா பார்த்ததில்லீங்க. ஊர்ப் பேச்சு வந்தா அவருக்குப் பெருமை தாங்காது. எனக்குச் சமைக்கத் தெரியாது, வீணை ஒன்றரை வருஷம்தான். முதல் வகுப்பு மட்டும் உண்மை" என்று நேருக்கு நேர் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் வந்தது. சேதுபதி சிரிக்கிறார். "உண்மை பேசுற பொண்ணு வந்தா போதும், சமையலை என் மவன் கத்துக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, பங்குனி மாதத்தில் சிங்கப்பூரில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருமாம், அந்த நேரத்தில் எதற்குமே நிழல் விழாதாம், இருபத்திரண்டு வருஷம் நிலம் அளந்தும் அது தனக்கு நினைவு வராமல் சாக்கட்டியோடு போய் நின்றதை ஆபீசில் யாருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாக, பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று யார் முன்னாலும் ஒத்துக்கொள்வாராம். தட்டு மாற்றிக்கொண்டோம், ஆனியில் கல்யாணம். ஆறு பக்கம் எழுதியாகிவிட்டது, கிழிக்க மனசு வரவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக நினைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவதற்கு மட்டும் ஏற்பாடு செய்யவும். கோயிலுக்கு எல்லாம் போக வேண்டாம். அவசரக்காரர் நீங்கள், பாதியிலேயே கடிதத்தை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பார்த்தது என்ன என்பதை எனக்கு மட்டும் தனிக் கவரில் எழுதவும்.