தேய்ந்த பூட்டும் திறந்த வாயும்

அன்று காலை ஒரு முடிவோடு எழுந்தேன். என் கத்தியைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடிக்காமல் பல் துலக்குவதில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவன் நான். ஆகவே விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

கத்தி என்றதும் கடையில் அட்டையில் செருகித் தொங்கவிட்டிருக்கும் சாமானை நினைத்திருப்பீர்கள். உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. என்னுடையது சொல்லிச் செய்த மடக்குக் கத்தி. கத்திக்காரர் கையைப் பார்த்துத்தான் கத்தி செய்வார். என் வலது கையைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பி, எட்டு மாதம் காத்திருந்து வாங்கினேன். அலகில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் ஒரு தட்டு. டிக்! அலகு வெளியே வந்துவிடும். உள்ளேயிருந்து ஒரு தகடு நகர்ந்து வந்து அலகுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். அதுதான் பூட்டு. அது நிற்கிறவரை அலகு மடங்காது.

இரண்டே வருஷம். பூட்டு தேய்ந்துவிட்டது. இந்த ஓரத்தில் நிற்க வேண்டிய தகடு அந்த ஓரம் வரை போய்ச் சாய்ந்துகொண்டது. திறந்து பிடித்தால் அலகு லொடலொடவென்று ஆடுகிறது.

என் மனைவி டெய்லர். முன்னறையில் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். நேராகப் போய் நின்றேன்.

"என் கத்தியை எடுத்தியா?"

"எந்தக் கத்தி?"

"இந்த வீட்டுல கத்தின்னா ஒண்ணுதான்."

"அப்ப சமையல்கட்டுல இருக்கறது என்ன, சீப்பா?"

"பேச்சை மாத்தாதே. பூட்டு தேஞ்சிருக்கு. யாரோ அதை வெச்சு வேலை செஞ்சிருக்காங்க."

"வேலை நடந்திருந்தா அது நீங்க இல்லைங்கறது மட்டும் நிச்சயம்."

"அப்ப நீதானே?"

"நான் அதைத் தொட்டதே இல்ல. நீங்கதான் டிவி முன்னாடி உக்காந்து டிக்கு டிக்குன்னு தட்டறீங்க. நேத்து செய்தி முடியறதுக்குள்ள நூத்தி எழுபத்தாறு தடவை."

"எண்ணினியா?"

"பட்டன் எண்ணத்தான் உக்காந்தேன். எங்க விட்டீங்க?"

போய்ப் பல் துலக்கினேன். பெண்களோடு வாதாடினால் வாய்தான் நாறும்.

தேய்ந்த பூட்டைச் சரிசெய்ய ஒரு கத்திக்காரர் எதற்கு? நான் ஆபீசில் பதிவறை எழுத்தர். பன்னிரண்டு பீரோவின் சாவிகள் என் இடுப்பில் தொங்குகின்றன. பூட்டைப் பற்றி எனக்கே பாடமா? அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தேன். கத்தியின் மூன்று திருகாணிகளைக் கழற்றினேன். ஒன்பது சாமான் உருண்டது. ஏழு கிடைத்தது. எட்டாவதை அவளுடைய குண்டூசி டப்பாவிலிருந்து மீட்டேன். ஒன்பதாவது இல்லாமலே கத்தி மாட்டிக்கொண்டது. அப்படியானால் அது தேவையில்லாத சாமான். கத்திக்காரரின் திறமை மேல் எனக்கு அப்போதே லேசாக ஏளனம் வந்துவிட்டது.

தகட்டைக் குறடால் கொஞ்சம் வளைத்தேன். பிடிப்பு வரட்டும் என்று அதில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்தேன். பூட்டு பிடிக்கிறதா என்று பார்க்க, அலகைத் திறந்து அதன் முதுகை மேஜை விளிம்பில் ஒரு போடு போட்டேன்.

பிடிக்கவில்லை. கத்தி மடங்கியது. நடுவில் என் விரல் இருந்தது.

அவள் பஞ்சோடு வந்தாள். அவசரமே இல்லை.

"பூட்டு சரியாயிடுச்சா?"

"ரத்தம் வருது, தெரியல?"

"தெரியுது. தையல் போடணும்னா சொல்லுங்க, மெஷின் சும்மாதான் இருக்கு. என்ன கலர் நூல் வேணும்?"

வேறு வழியில்லாமல் மறுநாள் கத்திக்காரருக்குப் போன் செய்தேன். கொல்லைப்புறம் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு பூட்டு தேய்ந்ததைச் சொன்னேன். மனிதர் ஒரு மரியாதைக்குக்கூட நலம் விசாரிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்க?"

"ரெண்டு தடவைங்க."

"ரெண்டு தடவைன்னா இருபது வருஷம் உழைக்கும். பொய் சொல்லாதீங்க. சும்மா உக்காந்து தட்டித் தட்டி விளையாடற ஆளா நீங்க?"

"சேச்சே!"

"வேலை செஞ்சு தேஞ்சா நானே சரிபண்ணித் தருவேன். விளையாடித் தேஞ்சா தொடமாட்டேன். குப்பையில போட்டுட வேண்டியதுதான்."

குப்பையா? எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய என் கண்மணி குப்பையிலா? வாய் தானாகத் திறந்தது.

"நான் இல்லைங்க. என் மனைவி. டெய்லர். துணிக்கட்டு பிரிக்கறது, அட்டைப்பெட்டி கிழிக்கறது, எல்லாத்துக்கும் இதைத்தான் எடுக்கறா. சொன்னா கேக்கறதே இல்ல."

"அப்படிச் சொல்லுங்க! உங்க கைக்குச் செஞ்சதை இன்னொரு கை புடிச்சா தேயாம என்ன பண்ணும்? அனுப்புங்க. யார் புடிக்கறாங்க, எப்படிப் புடிக்கறாங்கன்னு விவரமா எழுதி வைங்க."

போனை வைத்துத் திரும்பினால், கழுத்தில் அளவு டேப்போடு அவள் நிற்கிறாள்.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

சண்டைக்குத் தயாரானேன். அவளோ டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "கத்தியைக் குடுங்க. நூல் வாங்கப் போறேன். நானே பார்சல் கட்டிப் போட்டுட்டு வந்துடறேன். விவரமும் நானே எழுதிடறேன்" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் பணிந்து நான் பார்த்ததில்லை. குற்றம் செய்யாமலே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்! புருஷன் என்றால் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும் என்று அன்று ஆபீசில் மூன்று பேருக்கு இலவசமாக ஆலோசனை சொன்னேன்.

ஐந்து வாரத்தில் பார்சல் வந்தது. பிரித்தேன். புதுக் கத்தியாக மின்னியது. ஆனந்தமாகக் கட்டைவிரலால் தட்டினேன். தட்டவேண்டிய குமிழைக் காணோம். திருப்பிப் பார்த்தால் குமிழ் அந்தப் பக்கம் இருக்கிறது. கைப்பிடியோ இளைத்திருந்தது. என் சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் வெளியே நின்றது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறக்க முடிந்தது, குழந்தை பென்சில் டப்பா திறக்கிற மாதிரி. பூட்டு மட்டும் பாறையாக நின்றது. கூடவே ஒரு கடிதம்.

'அம்மா அவர்களுக்கு, பழைய தகடு உதவாது என்பதால் புதிதாகவே செய்துவிட்டேன். உங்கள் இடது கையை அளவோடு வரைந்து அனுப்பியிருந்தீர்கள். இவ்வளவு சுத்தமான படம் எனக்கு இதுவரை யாரும் அனுப்பியதில்லை. கைப்பிடி, பூட்டு எல்லாம் அதன்படியே மாற்றியிருக்கிறேன். என் பதிவேட்டிலும் இனி உங்கள் பெயர்தான். உங்கள் கணவர் இதைத் தொட வேண்டாம். கை மாறினால் மறுபடி தேயும்.'

ஆமாம், அவள் இடது கைக்காரி. தாலி கட்டிய நாளிலிருந்து அதைக் கேலி செய்துவருபவன் நான்தான்.

உடனே போன் செய்தேன். அவள் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு..."

"என்ன தப்பு? அம்மாதான் புடிக்கறாங்கன்னு சொன்னீங்களே, அது பொய்யா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெய்தாங்க."

"அப்ப நீங்க விளையாடல?"

"இல்லைங்க."

"அப்புறம் என்னய்யா தப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

போனை வைத்தேன். அவள் என் கையிலிருந்து கத்தியை எடுத்து, இடது கையால் ஒரு தட்டுத் தட்டினாள். டிக்! வந்திருந்த துணிக்கட்டின் கயிறு இரண்டாகப் போனது. இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு நாள்கூட அப்படி வெட்டியதில்லை அந்தத் துரோகி.

"இத்தனை வருஷமா வலது கைக்காரங்க கத்தரிக்கோலோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். முதல் தடவையா எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. எல்லாம் உங்க சிபாரிசு" என்றாள்.

"அப்ப எனக்கு?"

"எப்ப வேணும்னாலும் கேளுங்க. தரேன்."

மூன்று நாள் வீராப்பாக இருந்தேன். நான்காம் நாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு, மெஷின் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க. என்ன வேலைக்கு?" என்றாள்.

அரைமணி நேரம் நின்று யோசித்தேன். ஒரு வேலையும் தோன்றவில்லை.