மாமியார் பிறந்த தேதி

என் வீட்டுக்காரர் ரோடெல் அன்றைக்கு வேலையிலிருந்து வரும்போதே பெரிய முடிவோடு வந்தார். அமெரிக்காவில் நார்ஃபோக் கப்பல் தளத்தில் அவர் வெல்டர். நீர்மூழ்கிக் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கிடைத்தால்தான் இந்த ஒற்றை அறையை விட்டு நாங்கள் நகர முடியும்.

"மரிவெல், இனி ஞாயித்துக்கிழமை உங்கம்மா போன் கிடையாது."

"ஏங்க?"

"வெளிநாட்டுல சொந்தம் இருந்தா அனுமதி தரமாட்டாங்க. பேசாம இருந்துட்டா சொந்தமே இல்லன்னு ஆயிடும்."

அம்மா பிலிப்பைன்ஸில் இருக்கிறாள். எங்களுக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனில் வந்தால் பேரனுக்குப் பாட்டுப் பாடி முடிக்கப் பத்தரை ஆகும். அது இவர் தூங்கும் நேரம். அரசாங்கத்துக்குப் பயமா, தூக்கத்துக்கு ஆசையா என்று நான் கேட்கவில்லை. எதிர்த்துப் பேச எனக்குக் கூச்சம்.

படித்தது ஆறாவது வரைதான். ஆனாலும் அனுமதிக்காக அவர் கொண்டுவந்திருந்த படிவத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சொந்தம் இருக்கக்கூடாது என்று எங்குமே இல்லை. யார், எப்போது பிறந்தவர், எத்தனை நாளைக்கு ஒருதரம் பேசுவீர்கள் என்றுதான் கேட்டிருந்தது. மறைத்தால்தான் வம்பாம்.

"ஏங்க, இதுல மாமியாரையும் எழுதணுமாம்."

"மாமியாரையுமா?"

"என் பேர்ல இருக்குற தென்னந்தோப்பையும்."

"தோப்பா! எப்பத்திலேருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. நீங்க கேக்கலையே."

அவர் பேனாவை எடுத்தார். "சரி, உங்கம்மா பிறந்த தேதியச் சொல்லு."

"ஞானஸ்நானச் சீட்டுல ஒண்ணு இருக்கு. ஊராட்சிச் சான்றிதழ்ல வேற இருக்கு. எது சரின்னு அவங்களுக்குத்தான் தெரியும். நான்தான் போன் பண்ணக்கூடாதே."

அவரே கூப்பிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை! உங்க குரலக் கேட்டு ரெண்டு வருசம் ஆச்சே. சாப்டீங்களா?"

"ஆச்சு அத்தை. உங்க பிறந்த தேதி..."

"பொம்பளைகிட்ட வயசு கேக்குறீங்களே! சீட்டு பெட்டிக்குள்ள கிடக்கு. தேடி வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஒம்பதுக்குக் கூப்பிடுங்க."

அந்த ஞாயிறு தேதி வந்தது. தோப்பின் பட்டா எண் அடுத்த ஞாயிறுக்குப் போனது. அதற்கடுத்த வாரம் என் தம்பிகளின் விலாசம். அப்புறம் அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம். கேள்விக்குப் பதில் கிடைக்கும் முன்னால் பாட்டு வரும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இவரும் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கேட்பார். ஐந்தாவது வாரம் தாளம் போட்டார்.

அம்மாவுக்கு நான் ஒரே ஒரு வரிதான் எழுதி அனுப்பியிருந்தேன்: 'எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிடாதே.' போன்தான் கூடாது என்றார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வீட்டுக்கே வந்தார். படிவத்தைப் புரட்டினார்.

"தோப்பு வரைக்கும் மறைக்காம எழுதியிருக்கீங்க. நல்லது. மாமியாரோட எப்பப்பப் பேசுவீங்க?"

பொய் சொன்னால் வேலை போச்சு. இவர் உண்மையையே சொன்னார்.

"வாராவாரம்."

"கூப்பிடறது உங்க மனைவியா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் வாயைத் துடைத்தேன்.

"இல்லைங்க," என்றார் மெதுவாக. "நான்தான்."