கூடுதல் நினைவகம் கோரும் மனு

திருமழிசையை அடுத்த ஒரு சான்றிதழ் அலுவலகத்துக்கு, பொதுமக்கள் நலனை முன்னிட்டு, சென்ற ஆண்டு புதிய லேப்டாப் ஒன்று வழங்கப்பட்டது. சந்தனம், குங்குமம் வைத்துப் பூசை போட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பக்கத்து வட்டத்து லேப்டாப்பில் பதினாறு ஜிபி நினைவகம், இதில் எட்டுதான் என்ற செய்தி கண்காணிப்பாளர் பக்தவத்சலத்தின் காதுக்கு வந்தது. ஒரே பதவி, ஒரே நாற்காலி. நினைவகத்தில் மட்டும் பாதியா? மூன்று கடிதம் எழுதி, கூடுதல் நினைவகம் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினார். அன்று முதல் லேப்டாப் நிற்க ஆரம்பித்தது.

நிற்பது என்றால், திரை நீலமாகும். தானே அணைந்து தானே எழும். அதுவரை தட்டியதையெல்லாம் மறந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை.

இதை ஆராய மூவர் குழு வந்தது. முன்னெச்சரிக்கையாக லேப்டாப்பை அணைத்து வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஆய்வு செய்தார்கள். ஆய்வின்போது ஒரு முறைகூட நிற்கவில்லை என்று அறிக்கை தந்தார்கள். பொதுமக்களின் மனுவைத் திறக்கும்போதுதான் கோளாறு வருகிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். அதன்படி மனு எதையும் திறக்க வேண்டாம் என்று உத்தரவானது. நான்கு நாள் அந்த லேப்டாப் மலையும் ஏரியுமாக ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஐந்தாம் நாள் ஜனங்கள் சத்தம் போட்டதால் மறுபடி மனு திறந்தார்கள். மறுபடி நின்றது.

அந்த ஜனங்களில் முஸ்தகீமும் ஒருவர். பூந்தமல்லியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் மகள் ஷாகிதாவுக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் மட்டும் 'ஆண்' என்று இருந்தது. கல்லூரிக்காரர்கள் பெண்ணை நேரில் பார்த்தார்கள், நன்றாகப் படிக்கும் பெண் என்று பாராட்டவும் செய்தார்கள். ஆனாலும் சான்றிதழ்படி பையனைச் சேர்க்க முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொண்டு வாருங்கள் என்றுவிட்டார்கள்.

வியாழக்கிழமை முஸ்தகீமுக்குக் கிடைத்தது இருபத்து நான்காம் டோக்கன். ஒன்றாம் டோக்கனிலேயே லேப்டாப் மூன்று முறை நின்றது. அவருக்குக் கை துறுதுறுத்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த ஸ்ரீநாத்திடம் புதிதாக உள்ளே ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். ஸ்ரீநாத் கொஞ்சம் பெருமையாகவே கூடுதல் நினைவகத்தைப் பற்றிச் சொன்னான். பக்தவத்சலம் கூட்டத்துக்குப் போயிருந்தார். முஸ்தகீம் சட்டைப்பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பழைய நினைவகமும் புதியதும் வேறு வேறு வேகம், ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. புதியதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

லேப்டாப் ஓடியது. நிற்காமல் ஓடியது. டீ குடிக்கப் போனவர்கள் தங்கள் முறை முடிந்துபோனதைக் கண்டு சண்டைக்கு வந்தார்கள். அந்த அலுவலகத்தில் அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மதியத்துக்குள் இருபத்து மூன்று சான்றிதழ் போய்விட்டது. இருபத்து நான்கு என்று ஸ்ரீநாத் கூப்பிட்டபோது பக்தவத்சலம் உள்ளே வந்தார். மேசைமேல் கிடந்ததைப் பார்த்தார்.

"இது என்ன?"

"இதாங்க கோளாறு. கழட்டிட்டேன், இப்ப ஓடுது சார்."

"பதிவேட்டுல பதினாறுன்னு இருக்கு பாய். தணிக்கைக்கு வர்றவன் மிச்சம் எட்டு எங்கேன்னு என்னைத்தான் கேப்பான். மெஷின் ஓடலைன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

பீரோவில் பத்திரமாக வைக்கலாமே என்றார் முஸ்தகீம். 'பொருத்தப்பட்டது' என்று எழுதியாகிவிட்டது என்றார் பக்தவத்சலம். என் மகளுடையதை மட்டும் முடித்துவிட்டு மாட்டுகிறேன் என்று முஸ்தகீம் கெஞ்சினார். அரசுச் சொத்து குறைந்த நிலையில் அரசுப்பணி நடப்பது முறைகேடு என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் தன் கையாலேயே அதைத் திரும்பப் பொருத்தினார். ஸ்ரீநாத் ஷாகிதாவின் பக்கத்தைத் திறந்து 'ஆண்' என்பதை அழித்தான். 'பெண்' என்று அடிப்பதற்குள் திரை நீலமானது. சற்று நேரம் அந்தப் பெண் அரசாங்கத்தின் கணக்கில் எதுவுமாக இல்லை.

வரிசையில் நின்ற அஞ்சலை என்ற பெண்மணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பாய் காலைல போட்ட மெமரி தீந்துபூட்சு போல கீது" என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பக்தவத்சலத்தின் முகம் மலர்ந்தது. அங்கேயே மூன்றாவது நினைவகம் கோரி ஒரு மனு எழுதினார். ஜனங்கள் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தொழில்நுட்ப வல்லுநர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை முஸ்தகீமிடம் நீட்டினார்.

"உள்ளார ரெண்டு இடந்தான் கீது சார். மூணாவதை எங்க மாட்டுறது?"

"இடத்துக்குத் தனியா ஒரு கடிதம் எழுதிக்கலாம். நீங்க போடுங்க, உங்க சான்றிதழை இப்பவே நான் கையால எழுதித் தர்றேன்."

முஸ்தகீம் பேனாவை வாங்கினார். இருபது வருஷமாகப் பொய்யாக ஒரு பாகம்கூட மாற்றாத கை.  காலையில் கிளம்பும்போது ஷாகிதா செருப்பை எடுத்து வைத்தது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டார். பக்தவத்சலம் 'பெண்' என்று மையால் எழுதி முத்திரை குத்த அரை நிமிஷம்தான் ஆயிற்று.

ஷாகிதா கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வல்லுநர் முஸ்தகீம் அவர்களின் கருத்தின் அடிப்படையில் எல்லா அலுவலகங்களுக்கும் கூடுதல் நினைவகம் வழங்கப்படும், அவரே பொருத்தித் தருவார் என்றிருந்தது. பதினோரு அலுவலகத்துக்குப் போனார். முதல் அலுவலகத்தில் கை கூசியது. கடைசி அலுவலகத்தில் பேசிக்கொண்டே பொருத்தினார்.

போன வாரம் அவருடைய மச்சான் உஸ்மான் கனி கடைக்கு வந்து அலுப்போடு உட்கார்ந்தார். வாரிசுச் சான்றிதழுக்காக ஆவடிப் பக்கம் ஒரு ஆபீசுக்கு நாலு நாளாக அலைகிறாராம். மெஷின் நின்று நின்று போகிறதாம். எதனால் என்று கேட்டார்.

முஸ்தகீம் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"மெமரி பத்தலை மச்சான். ஒரு மனு எழுது. மொதக் கையெழுத்து நான் போடறேன்."