கேட்டை மறித்து நிற்கும் சரக்கு ரயில் பற்றி மாப்பிள்ளைக்கு

மிகுந்த மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று தொடங்குவதுதான் மரியாதை என்பதால் தொடங்கிவிட்டேன். நாங்கள் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரயிலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் வீட்டு வாசலில் எந்த ரயிலும் வந்து நிற்பதில்லை அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். புதிய கால அட்டவணை என்று ஒன்றைப் போட்டு, எங்கள் தடத்தில் ஓடிய காலைப் பயணிகள் ரயிலை எடுத்துவிட்டீர்கள். சரி, கூட்டம் இல்லை என்று எடுத்தீர்கள். எடுத்த இடத்தைச் சும்மா விட்டீர்களா? இரண்டு சரக்கு ரயில்களை ஒன்றாகக் கோத்து, முன்னால் ஒரு இன்ஜின், நடுவில் ஒரு இன்ஜின் வைத்து, கரியும் இரும்புத் தாதுவுமாக ஏற்றிப் பகலெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட அது எங்கள் ஸ்டேஷனில் ஒதுங்குகிறது. ஒதுங்கும் தண்டவாளமோ அந்தக் காலத்து ரயிலின் நீளத்துக்குப் போட்டது. தலை போய் சிக்னலில் நிற்கும்போது வால் எங்கள் தெருவை மறித்துக்கொண்டு கிடக்கிறது. கேட் கீப்பரிடம் சண்டைக்குப் போனேன். "நான் கேட்டைத்தான் திறக்க முடியும். ரயிலைத் திறக்க முடியுமா?" என்கிறார். எனக்காகக் கேட்டைத் திறந்தும் காட்டினார். திறந்த கேட்டுக்கு நடுவே ஒரு கரிப்பெட்டி நின்றுகொண்டிருந்தது.

என் சலவைக்கடை தண்டவாளத்தை ஒட்டி இருப்பது தாங்கள் அறிந்ததே. கடைக்குப் பின்னால் வெள்ளைத் துணி காய்கிறது, அதற்குப் பக்கத்தில் உங்கள் கரிப்பெட்டிகள் மூடியில்லாமல் நிற்கின்றன, அதற்கு மேல் காற்று வேறு அடிக்கிறது. விடுதியிலிருந்து வெள்ளையாக வந்த படுக்கை விரிப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் திரும்பிப் போகிறது. ஒரு வக்கீல் தன் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதைப் போட்டுக்கிட்டுப் போனா நீதிபதி என்னையே கூண்டுல ஏத்திடுவாரு" என்றார். விடுதிக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இதில் என் வாய் செய்த வேலையும் இருக்கிறது. "இந்தத் தடத்துல எந்த ரயில் எப்ப வரணும்னு என் மாப்பிள்ளைதான் முடிவு பண்றாரு" என்று உங்கள் கல்யாணத்தன்று தொடங்கி, துணி போட வந்தவர்கள் வாங்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தவன் நான். இப்போது தெருவே என் கடைக்கு வருகிறது. முடிதிருத்துபவர் ஒருவர், வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய ஓர் இளைஞனுக்கு முகமெல்லாம் சோப்பு பூசி, ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, பிளேடு மழுங்கிவிட்டது என்று புதிதாக ஒன்று எடுத்துவர வீட்டுக்கு ஓடியிருக்கிறார். ரயில் வந்து குறுக்கே நின்றுவிட்டது. அவன் ஒரு பக்கம் தாடியும் நுரையுமாக நேரே என்னிடம் வந்து, "உங்க மாப்பிள்ளைதானே? போன் போடுங்க" என்றான். போட்டேன். "பார்க்கிறேன் மாமா" என்றீர்கள். அவன் நுரையை என் கடைத் துண்டில் துடைத்துக்கொண்டு பாதித் தாடியோடு போனான். வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி. பால்காரருக்காகப் போன் செய்தபோதும் "பார்க்கிறேன் மாமா". மருந்துக்கடைக்காரருக்காகச் செய்தபோதும் "பார்க்கிறேன் மாமா". அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறீர்கள் மாப்பிள்ளை? என் மகளிடம் சொல்லலாம் என்றால், அவள் போனை எடுத்ததும் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்கிறாள். அவளும் உங்கள் அலுவலகத்தில்தான் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், ஆனால் ரயில் விவகாரமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் அத்தைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நகரத்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் காலை ரயிலில்தான் போவோம். ஜன்னலோரத்தில் உட்கார வைத்தால் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்துவிடுவாள். ரயிலுக்குப் பதிலாக ஒரு பஸ் விட்டிருக்கிறீர்கள், மிகவும் நன்றி. அந்த பஸ் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று யாருமே யோசிக்கவில்லை. ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ் ரயிலுக்குப் பின்னால் நிற்கிறது. இதை வெளியில் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்பார்கள். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நின்றது. ஒரு தடவை சிகிச்சை தவறினாலே அவளுக்கு முகமும் காலும் வீங்கிவிடும். டிரைவரிடம் கத்தினேன், கேட் கீப்பரிடம் கத்தினேன், உங்களுக்குப் போன் போட்டேன், "பார்க்கிறேன் மாமா". திரும்பிப் பார்த்தால் உங்கள் அத்தை பஸ்ஸில் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரெண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து உள்ளே போய்விட்டாள். "ஏய், வேணாம்!" என்று கத்துகிறேன், பெட்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து, "நான் வந்துட்டேன், நீங்க வர வேணாம்" என்று குரல் மட்டும் வந்தது. ரயில் நகர்ந்த பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். வாடகை வண்டி பிடித்துப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, "தனியாப் போறது ஒண்ணும் அவ்வளவு கஷ்டமா இல்ல" என்றாள். நான் பயந்தது எனக்குத்தான் தெரியும். உங்களை அன்றைக்குத் திட்டிய திட்டை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது, தபால்காரர் படித்துவிடுவார்.

என் மகள் போன வருடத்திலிருந்தே, "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா, ஆஸ்பத்திரி அடுத்த தெருதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடையை மூடிவிட்டு மகள் வீட்டில் வேளாவேளைக்குத் தட்டின் முன்னால் போய் உட்கார என்னால் ஆகாது, அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். ஆகையால் காலை ரயிலைத் திரும்ப விடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். பெற்ற தாயைப் போன்ற மாமியார் கரிப்பெட்டிக்கு அடியில் நுழைந்து போகும்படி அட்டவணை போட்ட கை எந்தக் கை என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

வயதில் மூத்தவன் என்பதால் ஆசீர்வதித்தே தீரவேண்டியிருக்கிறது. நீங்கள் இருவரும் எதுவும் குறுக்கே வந்து நிற்காமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளவற்றைப் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும். இந்தக் கடிதத்தின் நகலை உங்கள் மேலதிகாரிக்கு அனுப்பலாம் என்று, சட்டை வாங்க வந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் அட்டவணைப் பிரிவுக்கு யார் தலைமை என்று விசாரித்தேன். அவர் பேரைச் சொன்னார். அது நான் வைத்த பேர். "உங்களுக்குத் தெரியாதா சார்? உங்க பொண்ணுதான். மாப்பிள்ளை அந்தப் பிரிவை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சே, இப்ப மேசை நாற்காலி வாங்குற பிரிவுல இருக்காரு" என்றார். நீங்கள் ஏன் ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லை மாப்பிள்ளை? சொல்ல நான் எங்கே விட்டேன் என்பீர்கள்.

உள்ளே போய் உங்கள் அத்தையிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ரயிலை எடுப்பதற்கு முன்பே மகள் போனில் அழுதாளாம். "ரயில்ல ஆளே இல்லம்மா. எங்கம்மா ஒருத்திக்காக விடுங்கன்னு நான் எப்படி எழுதுவேன்? நீ இங்க வந்துடும்மா" என்றாளாம். இவளும், "நீ எடுத்துடு, நான் வந்துடறேன்" என்றாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க மாப்பிள்ளை புராணத்தை நிறுத்துனீங்களா, நான் சொல்றதுக்கு?" என்றாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் கார் எடுத்துக்கொண்டு வருகிறாளாம். பெட்டி தயாராக இருக்கிறது. திறந்து பார்த்தேன், எல்லாம் அவள் புடவைகள்.

புதிய கால அட்டவணை மிகச் சிறப்பாக இருக்கிறது, யார் போட்டார்களோ அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று தெருவெல்லாம் சொல்வதாக மகளிடம் தெரிவிக்கவும். அப்படியே, காரில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுச் சொல்லவும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.